படிப்பு எந்த ஊரில் முடியும்?

(பொன்விழாக் கல்விக் கருத்தரங்கில், சங்கத்தின் மகளிர் பகுதியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, சிறு பிள்ளைகளோடு நாடு மாறும் குடும்பங்களும் அந்தப் பிள்ளைகளின் படிப்பும். முப்பத்தெட்டு ஆண்டுகள் தேசியப் பள்ளிகளில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள் என்பதால் இதைக் கொடுத்தார்கள் என்று நினைக்கிறேன்.

இந்த மண்டபத்தைப் பார்க்கிறேன். பாட்டனார் காலத்திலேயே இங்கு வந்து வேரூன்றிவிட்ட குடும்பங்கள் இருக்கின்றன. ஐந்து, பத்து வருடங்களுக்குள் வேலை நிமித்தம் தமிழ்நாட்டிலிருந்து மனைவி மக்களோடு வந்தவர்கள் இருக்கிறார்கள். தகப்பனார் இங்கே, தாயும் பிள்ளைகளும் ஊரிலே என்று இன்னும் இரண்டு அடுப்பு எரியும் குடும்பங்களும் இருக்கின்றன. துபாய்க்கோ மெல்பர்னுக்கோ பேரப்பிள்ளைகளை அனுப்பிவிட்டு வாட்ஸ்அப்பில் முகம் பார்க்கும் பாட்டிமார்களும் முன்வரிசையிலே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

உங்கள் எல்லாரிடமும் எனக்கு ஒரே ஒரு கேள்விதான். பிள்ளையின் படிப்பு எந்த ஊரில் முடியப் போகிறது? எந்தப் பள்ளியில் சேர்க்கலாம் என்று எல்லாரும் விசாரிக்கிறோம். எங்கே முடிக்கப் போகிறோம் என்பதைத்தான் யோசிக்காமல் விட்டுவிடுகிறோம்.

நம் முன்னோர்களுக்கு இதை யோசிக்கும் வசதி இருக்கவில்லை. தஞ்சை, இராமநாதபுரம் பக்கத்து ஆண்கள் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கிலும், போர்ட் சுவெட்டன்ஹாமிலும், அதுதான் இன்றைய போர்ட் கிள்ளான், அங்கேயும் இறங்கினார்கள். “ரெண்டு வருஷம் இருந்துட்டு வந்துடுறேன்” என்று சொல்லிவிட்டுத்தான் வந்தார்கள். பிள்ளைகள் ஊரில் படித்தார்கள். அத்தா என்பவர் மணியார்டரிலும் கடுதாசியிலும் இருந்தார்.

கடையநல்லூர்க்காரர்கள் வழி வேறு. அவர்களில் பலர் மனைவி மக்களோடு வந்து குடியேறினார்கள். பிள்ளைகள் கூடவே வந்துவிட்டதால் பள்ளிக்கூடம் தேவைப்பட்டது. சிங்கப்பூரில் 1941-இல் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கைத் தொடங்கினார்கள். 1946-இல் உமறுப்புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளியையே திறந்துவிட்டார்கள். அது பிறகு உயர்நிலைப் பள்ளியாகவும் வளர்ந்தது. பெற்றோர்கள் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிகளுக்கு அனுப்பத் தொடங்கியதும் மாணவர் எண்ணிக்கை குறைந்து 1982-இல் மூடப்பட்டது. அதற்காக அந்தப் பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. பிள்ளையின் படிப்பு போய்ச் சேரும் இடம் மாறிவிட்டது, அதைப் பார்த்து அவர்களும் பாதையை மாற்றிக்கொண்டார்கள். ஆனால் முதலில் பள்ளி கட்டியவர்களைப் பாருங்கள். பிள்ளை நம்மோடுதான் வளரும் என்று முடிவு செய்துவிட்டதால்தான் அவர்களுக்கு அது முடிந்தது.

மலாயாவில் சட்டமும் நம் பிள்ளைகளின் படிப்பைத் தீர்மானித்தது. 1953-க்குப் பிறகு வெளிநாட்டார் வருகைக்குக் கட்டுப்பாடு கூடியது. 1959-ஆம் ஆண்டின் குடிநுழைவுச் சட்டம் மனைவி பிள்ளைகளின் நுழைவைப் பற்றிப் பேசும்போது, பிள்ளைக்கு ஆறு வயது என்று கோடு போட்டது. எங்கள் வீட்டில் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் என் அண்ணன். 1962-இல் அம்மாவோடு கிள்ளானுக்கு வந்தபோது எனக்கு நாலு வயது. அண்ணனுக்கு ஒன்பது. அவர் பாட்டியாரோடு ஊரிலேயே தங்கிவிட்டார்.

அண்ணன் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்தார். நான் 1965-இல் கிள்ளானில் ஆங்கிலப் பள்ளியில் முதல் வகுப்பு சேர்ந்தேன். கிள்ளானில் பிறந்த என் தம்பி 1970-இல் முதல் வகுப்புக்குப் போனான். அந்த ஆண்டுதான் ஆங்கிலத் தொடக்கப் பள்ளிகளில் முதல் வகுப்பிலிருந்து மலாய் பயிற்றுமொழியானது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மூன்று பேரும் மூன்று மொழியில் படித்தோம். ஊரிலிருந்து அண்ணன் கடுதாசி வந்தால் நான் எழுத்துக்கூட்டி வாசிப்பேன். தம்பிக்கு அதுவும் வராது. அம்மா உரக்க வாசிக்க அவன் காதால் கேட்டுக்கொள்வான். அல்ஹம்துலில்லாஹ், மூவரும் நன்றாகவே இருக்கிறோம். ஆனால் ஒரே புத்தகத்தை மூவரும் வாசித்து அதைப் பற்றிப் பேசிக்கொண்டது இன்றுவரை கிடையாது.

1969-இல், குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தபோது பல குடும்பங்கள் கப்பல் ஏறின. ஆங்கிலத்தில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் பாதி வழியில் ஊர்ப் பள்ளிக்கூடத்துத் தமிழ் வகுப்பில் போய் உட்கார்ந்தார்கள். அந்தக் காலத்தில் இதெல்லாம் நம் கையில் இல்லை. இன்று பெருமளவு நம் கையில் இருக்கிறது. ஆனாலும் “ரெண்டு வருஷம் பார்ப்போம்” என்ற பேச்சு மட்டும் நம்மைவிட்டுப் போகவில்லை. இரண்டு வருடம் ஐந்தாகும், ஐந்து எட்டாகும். அதற்குள் பிள்ளை ஒரு தடவை இங்கே, ஒரு தடவை ஊரில், மறுபடி இங்கே என்று மாறியிருக்கும். நாடு மாறியதால் படிப்பைத் தொலைத்த பிள்ளைகள் என் வகுப்பில் குறைவு. முடிவெடுக்காத பெற்றோரால் தொலைத்தவர்கள் அதிகம்.

இனி நடைமுறைக்கு வருகிறேன்.

இந்நாட்டுப் பள்ளியில் படிப்பு முடியும் இடம் எஸ்பிஎம். யூபிஎஸ்ஆர் 2021-இல் போய்விட்டது, பிடி3 2022-இல் போய்விட்டது. எஸ்பிஎம் நிற்கிறது. அதில் மலாய் மொழியில் தேர்ச்சி இல்லையென்றால் சான்றிதழே இல்லை. 2013 முதல் வரலாற்றுப் பாடத்திலும் தேர்ச்சி வேண்டும். வரலாற்றை மலாயில் வாசித்து, மலாயில் யோசித்து, மலாயில் எழுத வேண்டும்.

ஜிம் கம்மின்ஸ் என்று கனடா நாட்டுக் கல்வி அறிஞர் ஒருவர் இருக்கிறார். குடியேறி வந்த பிள்ளைகளைப் பற்றி ஆராய்ந்து அவர் சொன்னது இது. புது மொழியில் விளையாடவும் கடைக்குப் போகவும் பேசும் அளவுக்குப் பிள்ளைக்கு ஏறத்தாழ இரண்டு வருடம் போதும். அந்த மொழியில் பாடத்தைப் புரிந்து மற்றப் பிள்ளைகளுக்குச் சமமாக எழுத ஐந்து முதல் ஏழு வருடம் வேண்டும். அவர் பார்த்தது ஆங்கிலம். இங்கே மலாயிலும் ஏறத்தாழ அப்படித்தான் என்பது என் வகுப்பறை அனுபவம்.

இப்போது பதினேழு வயதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பத்து வயதுக்குள் வந்த பிள்ளைக்கு எஸ்பிஎம் எழுத ஏழு வருடமாவது இருக்கிறது. தைரியமாக அரசாங்கப் பள்ளியில் சேருங்கள். பதின்மூன்று வயதில் வந்தால் படிவம் ஐந்து வரை ஐந்தே வருடம். முடியும், ஆனால் முதல் நாளிலிருந்தே தனியாக மலாய் சொல்லிக் கொடுக்க வேண்டும். பதினைந்து வயதில் கொண்டுவந்து எஸ்பிஎம் வகுப்பில் உட்கார வைப்பது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். அந்தப் பிள்ளை பத்தாம் வகுப்பை ஊரிலேயே முடித்துவிட்டு வரட்டும். இல்லையென்றால், வசதி இருந்தால், இங்கேயே இந்தியப் பாடத்திட்டமோ கேம்பிரிட்ஜ் பாடத்திட்டமோ உள்ள பள்ளியைப் பாருங்கள். வேலை ஒப்பந்தம் முடிந்ததும் ஊருக்குத் திரும்புவது உறுதி என்றால், சின்னப் பிள்ளைக்கும் அதே கணக்குத்தான். போய்ச் சேரும் இடத்தின் பாடத்திட்டத்தை இங்கேயே படிக்கட்டும்.

இங்கிருந்து ஊருக்கு அனுப்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை சொல் பேச்சுக் கேட்கவில்லை, ஊரில் விட்டால் ஓதலும் ஒழுக்கமும் வரும் என்று பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் அனுப்புகிறார்கள். தமிழ்நாட்டில் 2006-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு தமிழ் கட்டாயப் பாடம். இங்கே தேசியப் பள்ளியில் ஆறு வருடம் படித்து, ஒரு வரி தமிழ் வாசிக்கத் தெரியாத பையன் அங்கே பத்தாம் வகுப்பில் தமிழ்த்தாள் எழுத வேண்டும். ஒழுக்கம் கற்கப் போன பிள்ளை முதலில் அவமானத்தைக் கற்றுக்கொள்கிறான்.

அடுத்து வகுப்புக் கணக்கு. தமிழ்நாட்டில் ஐந்து வயது முடிந்ததும் ஒன்றாம் வகுப்பு. இங்கே வழக்கமாக ஏழு வயதாகும் ஆண்டில்தான் ஆண்டு ஒன்று. அங்கே பள்ளி திறப்பது ஜூனில். இங்கே ஜனவரி என்று இருந்தது, கொரோனாவுக்குப் பின் மார்ச்சுக்குத் தள்ளிப் போனது, 2026-இலிருந்து மறுபடி ஜனவரிக்கு வருகிறது. ஆகவே ஊரில் மூன்றாம் வகுப்பு முடித்த எட்டு வயதுப் பிள்ளை இங்கே ஆண்டு இரண்டில் உட்காரும். “டீச்சர், என் பிள்ளையைக் கீழே இறக்கிட்டீங்களே” என்று எத்தனையோ தாய்மார்கள் என்னிடம் கண் கலங்கியிருக்கிறார்கள். தெரிந்த கணக்கையே மறுபடி செய்யும் பிள்ளைக்கு மலாயைக் கவனிக்க நேரம் கிடைக்கிறது. அதை இறக்கம் என்று நினைக்காதீர்கள்.

ஊரிலிருந்து வரும் சின்னப் பிள்ளைக்குத் தமிழ்ப்பள்ளியையும் யோசித்துப் பாருங்கள். பாடம் தமிழில் நடக்கும், மலாயையும் ஆங்கிலத்தையும் மொழிப் பாடமாகப் படிக்கலாம். கிள்ளானில் சிம்பாங் லீமா இருக்கிறது, செந்தூலில் தம்புசாமி பிள்ளை இருக்கிறது. நம் சமூகத்தில் பலர் தமிழ்ப்பள்ளியை விட்டு விலகியதற்கு மார்க்கக் கல்வி ஒரு காரணம். ஆனால் ஒரு பள்ளியில் ஐந்து முஸ்லிம் மாணவர்கள் இருந்தாலே இஸ்லாமியக் கல்வி கற்பிக்க வேண்டும் என்று கல்விச் சட்டம் சொல்கிறது. நாலு குடும்பம் கூடிப் பேசினால் ஐந்து பிள்ளைகள் சேர்ந்துவிடும்.

அதேபோலத் தேசியப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு வேண்டுமென்றால், பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டால் போதும். அதுவும் சட்டத்தில் இருக்கிறது. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

புதிதாக வந்த பிள்ளை வகுப்பில் வாயே திறக்காது. அதைக் கண்டு பயப்படாதீர்கள். தஞ்சை மாவட்டத்திலிருந்து வந்த ஏழு வயதுப் பெண் பிள்ளை ஒருத்தி ஐந்து மாதம் என் வகுப்பில் ஒரு சொல் பேசவில்லை. கணக்கு மட்டும் எல்லாம் சரியாகப் போட்டுவிடுவாள். “அவளுக்குக் காது கேட்கிறதா?” என்று கூட இருந்த ஆசிரியை கேட்டார். ஆறாவது மாதம் பக்கத்துப் பையன் அவளுடைய ரப்பரை எடுத்துவிட்டான். பிழையே இல்லாத மலாயில் அவனை ஒரு பிடி பிடித்தாள் பாருங்கள்! வகுப்பே திரும்பிப் பார்த்தது. ஐந்து மாதமும் அவள் காதால் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தாள். அந்த மாதங்களில் பிள்ளையை மந்தம் என்று முத்திரை குத்திவிட்டால், பிறகு அது பேசத் தொடங்கினாலும் நாம் கேட்க மாட்டோம்.

அந்த ஐந்து மாதமும் அவள் தாயார் வீட்டில் தினமும் தமிழ்க் கதைப் புத்தகம் வாசிக்க வைத்திருக்கிறார். வாசிப்பு என்பது ஒரு மொழியில் வந்துவிட்டால் அடுத்த மொழிக்கு வழி காட்டும். ஆகவே வீட்டில் அரைகுறை மலாயோ ஆங்கிலமோ பேசிப் பிள்ளைக்கு உதவுவதாக நினைக்காதீர்கள். உங்களுக்கு நன்றாக வரும் மொழியில் பேசுங்கள். காரணம் கேளுங்கள், கதை சொல்லச் சொல்லுங்கள். மலாயைப் பள்ளியும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் கொடுப்பார்கள். தமிழை நீங்கள் கொடுக்காவிட்டால் யாரும் கொடுக்க மாட்டார்கள்.

ஓதலிலும் பிள்ளை தடுமாறும். ஊரில் ஹஜ்ரத் தமிழில் விளக்கம் சொல்லியிருப்பார். இங்கே உஸ்தாஸ் மலாயில் சொல்வார், பாடம் ஜாவி எழுத்தில் இருக்கும். கடற்கரை ஊர்ப் பிள்ளைகள் ஷாஃபி மத்ஹபில் வளர்ந்தவர்கள், அதிகச் சிரமம் இல்லை. உள்நாட்டு ராவுத்தர் ஊர்களில் பெரும்பாலும் ஹனஃபி. அந்தப் பிள்ளை இங்கே வந்து சுப்ஹில் குனூத் ஓதுவதைப் பார்த்து, “அத்தா, நமக்குத் தொழத் தெரியாதா?” என்று கேட்கும். பள்ளியில் சேர்க்கும் முன்பே இரண்டு மத்ஹபும் சரியானவைதான் என்று வீட்டில் சொல்லி வையுங்கள். இதற்கு நம் ஹஜ்ரத்மார்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் பெரிய உதவி.

இனி ஆவணங்கள். எழுத்தாளர் வேலைதானே என்று அலட்சியம் செய்யாதீர்கள், பிள்ளையின் கல்வி அதில்தான் தொங்குகிறது. தொடக்கக் கல்வி 2003 முதல் கட்டாயம், ஆனால் அந்தச் சட்டம் குடிமக்களின் பிள்ளைகளுக்கு. குடியுரிமை இல்லாத பிள்ளையை அரசாங்கப் பள்ளியில் சேர்க்கக் கல்வி இலாகாவின் அனுமதி வேண்டும், கட்டணம் உண்டு, பள்ளியில் இடமும் இருக்க வேண்டும். விமானம் ஏறிய பிறகு இதை விசாரிக்கத் தொடங்கினால் பிள்ளை மாதக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்திருக்கும்.

ஊரில் பெண் எடுத்த நம் பிள்ளைகள் இதைக் கவனித்துக் கேளுங்கள். நிக்காஹ் ஊரில் நடந்தால் அதை இங்கே முறையாகப் பதிவு செய்யுங்கள். மனைவி பிரசவத்துக்குத் தாய் வீடு போய் அங்கே குழந்தை பிறந்தால், ஒரு வருடத்துக்குள் சென்னையிலுள்ள மலேசியத் தூதரகத்தில் குழந்தையைப் பதிவு செய்யுங்கள். “அடுத்த பயணத்தில் பார்த்துக்கலாம்” என்று விட்ட ஒரு வருடத்துக்காக, பிள்ளை ஏழு வயதில் பள்ளி வாசலில் நிற்கும். வெளிநாட்டுக்காரரை மணந்து வெளிநாட்டில் பிள்ளை பெற்ற நம் பெண்களுக்கு இந்த உரிமை நீண்ட காலம் தானாகக் கிடைக்கவில்லை. 2024-இல் நாடாளுமன்றம் அதற்காக அரசியலமைப்புத் திருத்தத்தை நிறைவேற்றியது. திருத்தம் வந்தாலும் பதிவு செய்யும் பொறுப்பு நம்முடையதுதான்.

வேலை பெர்மிட்டில் நம் உணவகங்களிலும் கடைகளிலும் உழைக்கும் தம்பிமார்களுக்குக் குடும்பத்தைக் கூட்டி வர அனுமதியே கிடையாது. அவர்களுடைய பிள்ளைகள் இன்றும் என் அண்ணனைப் போல ஊரில்தான் படிக்கிறார்கள். முதலாளிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைக்கு ஊரில் பரீட்சை முடியும் மாதம் பார்த்து அவர்களுக்கு லீவு கொடுங்கள். தகப்பன் ஊரில் இருக்கும் ஒரு மாதத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போய் ஆசிரியரைப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

கடைசியாக, ஐம்பது வயதான நம் சங்கத்திடம் மூன்று காரியங்கள் கேட்கிறேன். ஒன்று, பள்ளி திறப்பதற்கு முந்தைய இரண்டு மாதம், சனி ஞாயிறுகளில் இதே மண்டபத்தில் புதிதாக வந்த பிள்ளைகளுக்கு மலாய் வகுப்பு. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் எங்களில் பலர் இருக்கிறோம், சம்பளம் வேண்டாம், தேநீர் போதும். இரண்டு, பள்ளிச் சேர்க்கை, பிறப்புப் பதிவு, நிக்காஹ் பதிவு மூன்றுக்கும் வழி சொல்ல மாதம் ஒரு நாள் ஒரு மேசை. நம் இளைஞர்களில் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். மூன்று, புதிதாக வரும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இங்கேயே வளர்ந்த ஒரு குடும்பம் துணை. பிள்ளைக்கு அந்த வீட்டில் ஒரு தோழனோ தோழியோ கிடைத்தால் அதைவிடப் பெரிய பாடம் இல்லை.

இதில் புதுமை ஒன்றும் இல்லை. மக்காவிலிருந்து வந்த முஹாஜிர்களை மதீனாவின் அன்சாரிகளோடு வீட்டுக்கு வீடு சகோதரர்களாக்கி வைத்தார்கள் நம் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள். பத்ருப் போரில் கைதானவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு, மதீனத்துப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதையே விடுதலைக்கு ஈடாக வைத்தார்கள் என்றும் வரலாற்றில் படிக்கிறோம். ஊர் மாறி வந்த சமூகம் முதலில் கவனித்த காரியங்களில் பிள்ளைகளின் எழுத்தும் ஒன்று.

இன்று வீட்டுக்குப் போனதும் கணவனும் மனைவியுமாக உட்கார்ந்து, ஒரு தாளில் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் எழுதி, அதற்கு எதிரே படிப்பு முடியப்போகும் ஊரையும் ஆண்டையும் எழுதுங்கள். எழுத முடியவில்லையென்றால் அன்றிரவே பேசி முடிவு செய்யுங்கள். மலாய் வகுப்புக்குப் பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள், வாசலில் மகளிர் பகுதியின் மேசையில் நோட்டுப் புத்தகம் இருக்கிறது, போகும்போது எழுதிவிட்டுப் போங்கள். அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.